பிடியை மாற்றுவதற்கு முன்: செமி ஆட்டோ ஷாட்கன் கேள்வி – பதில்

அமெரிக்காவில் உரிமத்தோடும் உரிமையோடும் ஷாட்கன் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் ஒரே விஷயத்தைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள்: தோளில் ஊன்றும் சாதாரணக் கட்டை போட்ட செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும்) ஷாட்கனைப் பிஸ்டல் கிரிப்புக்கு மாற்றுவது. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

என் துப்பாக்கி பழைய மரக்கட்டைதான். ஆனால் கேட்லாக்கில் ‘ஃபுல் பிஸ்டல் கிரிப்’ என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் நான் புதிதாக எதை மாற்ற வேண்டும்?
– வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

ஒரே பெயரில் இரண்டு பொருள் உலவுவதால் வரும் குழப்பம் இது. மரக்கட்டை செய்கிறவர்கள் பிடிக்கும் இடத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். வளைவே இல்லாமல் நேராகப் போனால் இங்கிலீஷ் கட்டை. லேசாக வளைந்து முனை உருண்டு முடிந்தால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். நன்றாக வளைந்து அடிப்பக்கம் தட்டையாக வெட்டியிருந்தால் ‘பிஸ்டல் கிரிப்’. பறவை வேட்டைக்கும் களிமண் தட்டு சுடுவதற்கும் வரும் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். இதில் கை கட்டையின் கழுத்தை மேலிருந்து அணைத்துப் பிடிக்கிறது. கட்டைவிரல் மேலே தாண்டிப் போகிறது.

நீங்கள் கேட்கும் ‘மாற்றம்’ வேறு. கைத்துப்பாக்கியின் பிடியைப் போல ரிசீவருக்கு (இயக்கம் அடங்கிய நடு உடல்) கீழே தனியாகத் துருத்தி நிற்கும் பிடி அது. சட்டத்தின் கண்ணில் படுவதும் இதுதான். கலிஃபோர்னியா விதி இதை அளவுகோலோடு சொல்கிறது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சவ்வுப் பகுதி, வெளியே தெரியும் விசையின் (ட்ரிகர்) மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும்படி பிடித்துச் சுட முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். காலி துப்பாக்கியைப் பிடித்துக் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உங்கள் மரக்கட்டையில் அந்தச் சவ்வு விசைக்கு மேலே இருக்கும்.

டல்லாஸில் இருந்தபோது வாங்கிய பெரெட்டா 1301 டாக்டிகல் இருக்கிறது. வேலை மாறி நியூ ஜெர்சி வந்துவிட்டேன். பிஸ்டல் கிரிப் கட்டை 200 டாலருக்குள் கிடைக்கிறது. மாட்டலாமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

மாட்டாதீர்கள். நியூ ஜெர்சியில் செமி ஆட்டோ ஷாட்கனுக்கு மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், அது தடை செய்யப்பட்ட ‘அசால்ட் ஃபயர்ஆர்ம்’ ஆகிவிடும்: ஆறுக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின், பிஸ்டல் கிரிப், மடங்கும் கட்டை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. டெக்சஸில் வாங்கினேன், அங்கே மாட்டினேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. கையில் வைத்திருப்பதே குற்றம். கிரிப்பை விடுங்கள், உங்கள் துப்பாக்கியில் மேகசின் நீட்டிப்புக் குழாய் ஏதும் போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டெக்சஸிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடும் இடம் அது.

மற்ற மாநில வாசகர்களுக்கும் சேர்த்து: கலிஃபோர்னியாவில் நிலையான மேகசின் கொண்ட செமி ஆட்டோ ஷாட்கனில் பிஸ்டல் கிரிப் மட்டும் இருந்தால் அந்தப் பிரிவில் சிக்காது. மடங்கும் அல்லது உள்ளிழுக்கும் கட்டையும் சேர்ந்து இருந்தால் சிக்கும். கழற்றும் மேகசின் போட முடிந்தால் அது ஒன்றே போதும், கிரிப் பற்றிய பேச்சே வராது. இல்லினாய் 2023 ஜனவரியில் கொண்டுவந்த சட்டத்தில் பிஸ்டல் கிரிப் ஒன்றே போதும். டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் இப்படிப்பட்ட மாநிலத் தடை இல்லை. 1994-ல் வந்த ஃபெடரல் தடையில் பிஸ்டல் கிரிப் ஓர் அம்சமாக இருந்தது. இரண்டு அம்சம் சேர்ந்தால்தான் தடை. அது 2004 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை இன்றைய சட்டமாக எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாநிலச் சட்டங்கள் வழக்குகளில் மாறிக்கொண்டே இருப்பதால், பாகத்தை ஆர்டர் செய்யும் நாளன்று உங்கள் மாநிலச் சட்டத்தின் இப்போதைய வாசகத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

டெக்சஸ். பெரெட்டா 1301-க்குப் பிஸ்டல் கிரிப் கட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) போகாமல் நானே செய்யலாமா? என்னென்ன கருவி வேண்டும்? எங்கே தப்பு நடக்கும்?
– வாசகர், கேட்டி

செய்யலாம். செமி ஆட்டோக்களில் இந்த வேலைக்கு இலகுவானவற்றில் 1301-உம் ஒன்று. குழலின் பின்வாயை மூடித் திறக்கும் போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங் மேகசின் குழாயைச் சுற்றி முன்பக்கத்தில் இருக்கிறது. கட்டைக்குள் சுடும் இயக்கத்தோடு தொடர்புள்ள எதுவும் இல்லை. ரிசீவரின் பின்னால் நீளும் மரையில் ஒரு நட்டு கட்டையை இழுத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கருவிகள்: 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 13 மி.மீ. ஆழமான சாக்கெட், 10 முதல் 12 அங்குலம் நீளமுள்ள எக்ஸ்டென்ஷன், ரேட்செட், ஒரு டார்ச். சாக்கெட்டில்தான் முதல் தவறு நடக்கிறது. அமெரிக்கப் பெட்டியில் 13 மி.மீ. இல்லாவிட்டால் அரை அங்குலத்தை எடுப்பார்கள். அது 12.7 மி.மீ., நட்டின் மேல் இறங்காது. அடுத்ததாக 9/16 எடுப்பார்கள். அது 14.3 மி.மீ., தளர்வாக உட்கார்ந்து நட்டின் மூலைகளை வழித்துவிடும். எட்டாத ஆழத்தில் மூலை மழுங்கிய நட்டை எடுப்பதற்குத்தான் பிறகு கன்ஸ்மித்திடம் போக வேண்டிவரும்.

துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். மேகசினிலிருந்து தோட்டாக்களை எடுத்து, போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். மேகசின் வாயிலும் விரலை விடுங்கள். தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயர் விரலில் தட்ட வேண்டும். தோட்டாப் பெட்டி வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது.

அடுத்தது பின்பக்க ரப்பர் பேட். அதில் இரண்டு சிறு கீறல் மட்டும் தெரியும், ஸ்க்ரூ உள்ளே இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் தண்டில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி நேராக இறக்குங்கள். காய்ந்த இரும்பை அப்படியே திருகினால் ரப்பர் அதோடு சுழன்று, கீறல் கிழிந்து ஓட்டையாகிவிடும். பேட் போனபின் டார்ச் அடித்தால் ஆழத்தில் நட்டு தெரியும். நட்டை எடுத்துக் கட்டையைச் சாய்த்தால் வாஷர்களும் தகடும் வரிசையாக விழும். விழுந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.

கட்டையைப் பின்னால் இழுக்கும்போது ரிசீவருக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று வரும். அதுதான் ஷிம். கட்டை எவ்வளவு கீழே இறங்க வேண்டும், இடமா வலமா எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தகடு. அதில் எழுத்தோ எண்ணோ இருக்கும். எந்த முகம் ரிசீவரைப் பார்த்து இருந்தது என்று குறித்து வையுங்கள். சந்தைக் கட்டைகள் பலவற்றில் இந்தத் தகட்டுக்கு இடமில்லை. இருந்தும் அதை உள்ளே விட்டு இறுக்குகிறவர்கள் உண்டு; கட்டை ஒரு பக்கம் இடைவெளியோடு நிற்கும்.

புதுக் கட்டையை முதலில் நட்டு இல்லாமலே கையால் தள்ளிப் பொருத்திப் பாருங்கள். பின்னால் டார்ச் பிடித்து ரிசீவரோடு சேரும் கோட்டைச் சுற்றிப் பார்த்தால் வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது. கசிந்தால், ரிசீவர் விளிம்பில் உதட்டுச்சாயமோ எழுதும் சாக்கோ லேசாகத் தடவி மறுபடி தள்ளுங்கள். கட்டையில் எங்கே கறை ஒட்டுகிறதோ அங்கேதான் முட்டுகிறது. பிளாஸ்டிக்கில் அந்த இடத்தை மட்டும் நுண் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. ரிசீவர் பக்கம் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள்.

இறுக்குவதில் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். அதிகம் இறுக்கினால் பாலிமர் நசுங்கி, ஒரு வாரத்தில் தானே தளர்ந்துவிடும். தளர்வாக விட்டால் ஒவ்வொரு வேட்டிலும் கட்டை ரிசீவரை உதைத்து உதைத்துத் துளையைப் பெரிதாக்கும். கட்டையோடு வந்த தாளில் இறுக்க அளவு போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால், நட்டு உட்கார்ந்தபின் கால் சுற்று. லாக்டைட் போடும் வழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மரைப் பூட்டுத் திரவம் சில பிளாஸ்டிக்குகளில் வழிந்தால் நாளடைவில் வெடிப்பு விடும். இரும்பு மரையில் ஒரே துளி, வழிவதைத் துடைத்துவிட வேண்டும்.

மாட்டியாகிவிட்டதா? சேஃப்டி இரண்டு பக்கமும் முழுதாகப் போய் வருகிறதா, விசைக் காப்பின் பின்பக்கம் புதுப் பிடியில் முட்டுகிறதா, விசை யூனிட்டைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கான போலித் தோட்டா இரண்டைப் போட்டு போல்ட்டைக் கையால் இயக்குங்கள். சேஃப்டி போட்டு விசையை அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. எடுத்துவிட்டு அழுத்தினால் சுத்தியல் விழ வேண்டும். சுடும் களத்தில் (ரேஞ்ச்) முதல் வேட்டுக்கு ஒரே ஒரு தோட்டா. பிறகு இரண்டு: ஒரு அழுத்தலுக்கு இரண்டு வெடித்துவிடவில்லை என்று உறுதி செய்ய. அதன்பின் மேகசின் நிறைய. முதல் 25 வேட்டுக்குப் பிறகு பேட்டை மறுபடி கழற்றி நட்டைத் தொட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு பொடி இறுக்கம் கேட்கும். புதுப் பிளாஸ்டிக் அப்போதுதான் தன் இடத்தில் அமர்ந்திருக்கும்.

பெனெல்லி எம்2-வில் கட்டையை மாற்றினேன். இப்போது போல்ட் பாதிக்கு மேல் பின்னால் வரவில்லை. எதையாவது உடைத்துவிட்டேனா?
– வாசகர், ராலே, வட கரோலினா

உடைந்திருக்க வாய்ப்பில்லை. பெரெட்டாவுக்கும் பெனெல்லிக்கும் அடிப்படை வித்தியாசமே இங்கேதான். எம்2, எம்4 இரண்டிலும் திரும்பும் ஸ்பிரிங் கட்டைக்குள் ஓடும் ஒரு குழாயில் இருக்கிறது. ரெமிங்டன் 1100, 11-87, மாஸ்பெர்க் 930 இவற்றிலும் இதே அமைப்பு. போல்ட்டின் பின்னால் வால் போலத் தொங்கும் லிங்க், அந்தக் குழாயின் வாயிலுள்ள சிறு கிண்ணத்தில் உட்கார வேண்டும். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும்போது லிங்க் கிண்ணத்தில் இறங்காமல் மடிந்து நின்றிருக்கும். அதுதான் போல்ட்டைத் தடுக்கிறது. பலம் கொடுத்து இழுக்காதீர்கள், லிங்க் வளைந்துவிடும். விசை யூனிட்டைக் கழற்றி, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, அடிவழியாகப் பார்த்தால் லிங்க் தெரியும். விரலால் தள்ளிக் கிண்ணத்தில் வைத்து, போல்ட்டை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தினால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மெத்தென்று கையில் தெரியும். அந்த எதிர்ப்பு இல்லாமல் இழுப்பு லொடலொடவென்று வந்தால் இன்னும் உட்காரவில்லை.

கட்டை கழன்று இருக்கும்போதே அந்தக் குழாயையும் பார்த்துவிடுங்கள். மழையில் வாத்து வேட்டைக்குப் போன துப்பாக்கிகளில் தண்ணீர் இறங்கி, உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். போல்ட் மந்தமாக மூடும். பெனெல்லியில் போல்ட் கடைசி மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் விசையை அழுத்தும்போது வேட்டுக்குப் பதில் ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். புதுக் கட்டையின் மேல் பழி போட்டுவிட்டுத் துருவை மறந்துவிடுவார்கள். ஆனால் ஒன்று: குழாயின் கடைசி மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுந்தி இருக்கிறது. கண்ணாடி அணியாமல், முகத்துக்கு நேரே வைத்து அதைத் திறக்கக் கூடாது.

மாஸ்பெர்க் 930. பிஸ்டல் கிரிப் போட்டபின் சேஃப்டியை எட்ட முடியவில்லை. கை சிறிதாக இருப்பதாலா?
– வாசகி, டாம்பா, ஃபுளோரிடா

கை எந்த அளவானாலும் எட்டாது. மாஸ்பெர்க்கின் சேஃப்டி ரிசீவரின் முதுகில், பின் முனையில் இருக்கிறது. சாதாரணக் கட்டையில் கட்டைவிரல் இயல்பாகவே அங்கே படுத்திருக்கும் என்பதுதான் அந்த அமைப்பின் அழகு. இடக்கை வலக்கை இரண்டுக்கும் பொருந்தும். பிடியைக் கீழே இறக்கியதும் கட்டைவிரலும் கீழே போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் பிடியை விட்டு, மேலே எட்டி, தள்ளி, மறுபடி பிடிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே பிஸ்டல் கிரிப்போடு வந்த 930 எஸ்.பி.எக்ஸ்-இலும் இதே குறைதான்.

இதற்காகச் சேஃப்டியே போடாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். பிடி செங்குத்தாக வேண்டும், ஆனால் கட்டைவிரலும் மேலே இருக்க வேண்டும் என்றால் சாதாரணக் கட்டைக்கும் பிஸ்டல் கிரிப்புக்கும் இடைப்பட்ட கட்டைகளே மாஸ்பெர்க்குக்குச் சரி. கழுத்து மற்றதைவிடச் சரிவாக இறங்கும், ஆனால் தனிப் பிடியாகத் துருத்தாது. ரெமிங்டன், பெரெட்டா, பெனெல்லி எல்லாவற்றிலும் சேஃப்டி விசைக் காப்பில் குறுக்காகத் தள்ளும் பொத்தான் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன்பே கவனித்திருந்தால் பணம் மிச்சம்.

தோளில் வைக்கும் கட்டையே வேண்டாம், வெறும் பிடி மட்டும் போட்டால் காரில் வைக்கச் சிறிதாக இருக்குமே?
– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

இந்தக் கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. மூன்று காரணங்களுக்காக வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

முதலாவது, இயந்திரம். மேலே சொன்ன பெனெல்லி எம்2, ரெமிங்டன் 1100, மாஸ்பெர்க் 930 எல்லாவற்றிலும் ஸ்பிரிங் குழாய் கட்டைக்குள் ஓடுகிறது. கட்டையை எடுத்தால் குழாய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குழாயை எடுத்தால் துப்பாக்கி வேலை செய்யாது. பம்ப் துப்பாக்கிகளில் வெறும் பிடி போடுவதைப் பார்த்துவிட்டு செமி ஆட்டோவிலும் முடியும் என்று நினைக்கிறார்கள். பெரெட்டா 1301, ரெமிங்டன் வி3 போன்ற சிலவற்றில்தான் பின்பக்கம் காலியாக இருக்கிறது.

இரண்டாவது, சட்டம். ஃபெடரல் சட்டப்படி ஷாட்கன் என்பது தோளிலிருந்து சுடுவதற்காகச் செய்தது. குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, ஷாட்கனிலிருந்து மாற்றிய ஆயுதத்தின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வந்துவிடும்; முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் செய்தால் சிறை. கடையில் 14 அங்குலக் குழலோடு மாஸ்பெர்க் 590 ஷாக்வேவ் விற்கிறதே என்பார்கள். அது பிறக்கும்போதே தோள்கட்டை இல்லாமல் பிறந்தது, மொத்த நீளமும் 26.37 அங்குலம். அதனால் அது சட்டத்தின் ‘ஷாட்கன்’ என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. உங்களுடையது கட்டையோடு பிறந்தது. பின்னால் எதைக் கழற்றினாலும் அதன் ஜாதகம் மாறாது.

மூன்றாவது, தேவை. 12 கேஜின் உதை முழுவதும் மணிக்கட்டிலும் கட்டைவிரல் சவ்விலும் வந்து விழும். கன்னம் வைக்க இடமில்லாததால் குறி பார்க்க முடியாது. முகத்துக்கு நேரே தூக்கிக் குறி பார்த்தவர்களுக்கு உதடு கிழிந்ததுண்டு. உதையைத் தன் எடையால் வாங்கி இயங்கும் பெனெல்லி வகையில் இன்னொரு சங்கடம்: பின்னால் ஊன்றத் தோள் இல்லாமல் துப்பாக்கி மொத்தமாகக் கையோடு பின்வாங்கினால் போல்ட்டுக்குப் போதிய உந்துதல் கிடைக்காமல் தோட்டா சிக்கும்.

பழைய சைகா-12 வாங்கப் போகிறேன். பிஸ்டல் கிரிப் போட்டால் ‘922 ஆர்’ கணக்கு பார்க்க வேண்டும் என்கிறார்கள். அது என்ன கணக்கு?
– வாசகர், ஜார்ஜியா

ரஷ்யாவிலிருந்து வந்த சைகா-12, ஏ.கே. துப்பாக்கியின் அமைப்பில் செய்த செமி ஆட்டோ ஷாட்கன். அமெரிக்காவுக்குள் ‘விளையாட்டுக்கு உகந்தது’ என்ற பெயரில் வர வேண்டியிருந்ததால், பிஸ்டல் கிரிப்பை எடுத்துவிட்டு, விசையைப் பின்னால் தள்ளி, ஒரு கம்பியால் உள்ளே இணைத்து, வேட்டைத் துப்பாக்கிக் கட்டை மாட்டி அனுப்பினார்கள். அந்தக் கம்பி இணைப்பினால்தான் அதன் விசை மணல் கலந்தது போல இழுக்கும். 2014 ஜூலையில் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மேல் வந்த பொருளாதாரத் தடையோடு இறக்குமதி நின்றது.

1990-இல் வந்த 922 ஆர் பிரிவு சொல்வது: இறக்குமதிக்கு அனுமதியில்லாத வடிவத்தில் ஒரு செமி ஆட்டோ ரைஃபிளையோ ஷாட்கனையோ வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு இங்கே உருவாக்கக் கூடாது. இதற்காக 20 பாகங்கள் கொண்ட பட்டியல் ஒன்று விதியில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் வெளிநாட்டுப் பாகம் பத்துக்கு மேல் போகக் கூடாது.

சைகாவை எண்ணுவோம். ரிசீவர், குழல், ட்ரனியன், போல்ட், போல்ட் கேரியர், கேஸ் பிஸ்டன்: ஆறு. விசை, சுத்தியல், டிஸ்கனெக்டர்: ஒன்பது. பின்கட்டை, முன்பிடி: பதினொன்று. மேகசின் உடல், ஃபாலோயர், அடித்தகடு: பதினான்கு. குழல் முனையில் ஏதாவது மாட்டியிருந்தால் இன்னொன்று. விசைத் தொகுதி மூன்றையும் அமெரிக்கத் தயாரிப்பாக மாற்றினால் 11, பின்கட்டையையும் மாற்றினால் 10. புதிதாகச் சேரும் பிஸ்டல் கிரிப்பும் பட்டியலில் உள்ள பாகமே. அதனால் அதுவும் அமெரிக்கத் தயாரிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 11 ஆகிவிடும். அமெரிக்க மேகசினைக் கணக்கில் சேர்த்து மூன்றைக் குறைக்கிறவர்கள் உண்டு. ஒருநாள் ரேஞ்சில் பழைய ரஷ்ய மேகசினை மாட்டினால் அந்த நிமிடமே கணக்கு இடிக்கும். ஆகவே மேகசினை நம்பாமல் கணக்கை முடிப்பது நல்லது.

வேறொருவர் ஏற்கனவே மாற்றிய சைகாவை வாங்குவதானால் பாகங்களின் பட்டியலையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். மாற்றாததை வாங்கினால், விசையை முன்னால் கொண்டுவரும் வேலையைக் கன்ஸ்மித்திடம் விடுங்கள். ரிவெட்டை எடுத்து ரிசீவரில் துளை அடைக்கும் வேலை அது. 1301-இன் நட்டு கழற்றுவது போன்றதல்ல.

இதே கேள்வியை இத்தாலிய 1301, எம்4 வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். ஃபெடரல் துப்பாக்கிக் கண்காணிப்பு அமைப்பான ஏ.டி.எஃப். 2011 ஜனவரியில் வெளியிட்ட, ஷாட்கன்களில் ‘விளையாட்டுக்கு உகந்ததல்ல’ என்னும் அம்சங்களின் பட்டியலில் மடங்கும் கட்டை, ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின், முன்கைப் பிடி போன்றவை இருக்கின்றன. விசைக் கைக்கான நிலையான பிஸ்டல் கிரிப் அதில் இல்லை. உங்களைச் சிக்க வைப்பது கிரிப்போடு சேர்த்து வாங்கும் மேகசின் நீட்டிப்பும் உள்ளிழுக்கும் கட்டையும்தான்.

நான் ஐந்தடி இரண்டங்குலம். சாதாரணக் கட்டை நீளமாக இருக்கிறது, மேல்கையில் கன்றிப்போகிறது. பிஸ்டல் கிரிப் உதவுமா?
– வாசகி, சிகாகோ புறநகர்

நீங்கள் இல்லினாயில் இருப்பதால் செமி ஆட்டோவில் பிஸ்டல் கிரிப் முடியாது. மேலே சொன்ன சட்டம் தடுக்கிறது. நல்லவேளையாக உங்கள் தொல்லைக்கு மருந்தும் அது இல்லை. விசையின் முகத்திலிருந்து பேட்டின் நடு வரை அளந்தால் வருவது ‘இழுப்பு நீளம்’. கடையில் வருபவை அநேகமாக 14 முதல் 14½ அங்குலம். உங்கள் உயரத்துக்கு 12½ முதல் 13 வரை சரியாக இருக்கும். கட்டை நீளமானால் தோள்குழியில் உட்காராமல் வெளியே நழுவி மேல்கையில் உட்காரும். கன்றிப்போன இடமே அதைச் சொல்கிறது. இடைத்தகடுகளை எடுத்துக் குறைக்கும் கட்டையோ, அந்தந்தக் கம்பெனியின் ‘யூத்’ கட்டையோ போடுங்கள்.

பிஸ்டல் கிரிப் சட்டப்படி செல்லும் இடங்களிலுள்ள வாசகிகளுக்கு ஒரு விவரம். சாதாரணக் கட்டையில் மூக்குக்கும் கட்டைவிரல் கணுவுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி என்று சொல்லிக் கொடுப்பார்கள். பிஸ்டல் கிரிப்பில் கட்டைவிரல் அங்கே இருக்கவே இருக்காது, அந்த அளவு செல்லாது. மணிக்கட்டு மடங்குவதாலும் மார்பைக் குறிக்கு நேராக வைத்து நிற்பதாலும் நீளம் இன்னும் குறைவாகத்தான் வேண்டும். மெசா டாக்டிகல் நிறுவனத்தின் அர்பினோ என்ற பிஸ்டல் கிரிப் கட்டை 12½ அங்குலத்தில் நிலையாக வருவது அதனால்தான். ஆறடிக்காரர்களுக்குக் கூட அது குட்டையாகத் தெரியாது.

பிஸ்டல் கிரிப் போட்டதிலிருந்து ஸ்கீட்டில் என் எண்ணிக்கை குறைந்துவிட்டது. பழகினால் சரியாகிவிடுமா?
– வாசகர், ஹியூஸ்டன்

ஆகாது. பறக்கும் தட்டைச் சுடும்போது துப்பாக்கி இடுப்பிலிருந்து கன்னத்துக்கு ஒரே வீச்சில் வந்து, தட்டோடு சேர்ந்து போக வேண்டும். செங்குத்தான பிடி முழங்கையைக் கீழே இழுத்து விலாவோடு ஒட்டவைக்கும். வீச்சு தோளோடு நின்றுவிடும். கூடவே இந்தக் கட்டைகள் நேராக இருப்பதால் கண் உயர்ந்து, குழலின் மேலுள்ள பட்டையை (ரிப்) கூடுதலாகப் பார்க்கிறீர்கள். குண்டுச் சிதறலும் மேலே போகிறது. அசையாமல் உட்கார்ந்து, குறிவில்லையில் பார்த்து ஒரே வேட்டுக்குக் காத்திருக்கும் வான்கோழி வேட்டையில்தான் பிஸ்டல் கிரிப்புக்கு உண்மையான லாபம். பெனெல்லி தன் ‘ஸ்டெடிகிரிப்’ கட்டையை அதற்காகவே விற்றது. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால், ஸ்கீட்டுக்குப் போகும் முன்பு பழைய கட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிட வேலை.

ஊரில் அப்பா பெயரில் லைசென்ஸோடு 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது, தோட்டத்துக் காவலுக்கு. இங்கிருந்து ஒரு பிஸ்டல் கிரிப் வாங்கி அனுப்பலாமா?
– வாசகர், சொந்த ஊர் பொள்ளாச்சி

அனுப்பாதீர்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியில் பூட்டு இயக்கமும் விசைகளும் கட்டையின் கழுத்துக்குள்ளேயே குடைந்து உட்கார்த்தப்பட்டிருக்கின்றன. நட்டைக் கழற்றி வேறு பிடி மாட்டும் அமைப்பே இல்லை. அறுத்து ஒட்டினால் கழுத்தில் பிளந்துகொள்ளும். சட்டப்படியும் இந்தியாவில் விளையாட்டில்லை: ஆயுதச் சட்டம் 1959-இன் 6-ஆம் பிரிவு, குழலைக் குறைப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் தடை செய்யப்பட்ட வகையில் சேர்ந்துவிடும். நீங்கள் வைத்திருக்கும் செமி ஆட்டோ ஷாட்கனே அங்கே அந்த வகைதான். அப்பாவின் துப்பாக்கியில் கட்டை ஆடினால் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் கொடுத்துப் பழுது பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய கட்டையை என்ன செய்வது? விற்றுவிடலாமா? மாநிலம் மாறும் யோசனையும் இருக்கிறது.
– அதே கேட்டி வாசகர்

வைத்திருங்கள். ஷிம்கள், நட்டு, வாஷர்கள், பேட் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் உறையில் போட்டு, கட்டைக்குள்ளேயே நுழைத்து, பேட்டை மாட்டி மூடிவிடுங்கள்; பத்து வருடம் கழித்தும் ஒன்றுகூடத் தொலையாது. மரக்கட்டையாக இருந்தால் ஏ.சி. காற்று நேரே அடிக்கும் இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். மாநிலம் மாறும் யோசனை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். லாரி ஏறும் முன்பு டெக்சஸிலேயே பழைய கட்டையை மாட்டிவிடுங்கள். போய்ச் சேரும் மாநிலத்தில் கிரிப்புக்குத் தடை இருந்தால் அந்தக் கிரிப்பை டெக்சஸிலேயே விற்றுவிட்டுப் போங்கள்.